பிள்ளைகளின் கையில் கைபேசி: பெற்றோர் கூட்டத்தில் எதைச் சொல்வது?

மன்னைப் பக்கத்து ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடிக்கும் முத்துப்பேட்டைக்கும் இடையில் உள்ள ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் பணியாற்றுகிறேன். அடுத்த மாதம் நடக்கவிருக்கும் பெற்றோர் கூட்டத்தில், பிள்ளைகள் இணையத்தைப் பாதுகாப்பாகவும் பொறுப்போடும் பயன்படுத்துவது பற்றிப் பேசும்படி தலைமையாசிரியர் கேட்டிருக்கிறார். கிடைப்பது ஒரு மணி நேரம். அதில் எதைச் சொன்னால் வீட்டுக்குப் போன பிறகும் பயன்படும் என்று இங்குள்ளவர்களிடம் கேட்டுத் தெளிவு பெறவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

"கைபேசியைக் கொடுக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்க எனக்கு மனமில்லை. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்ட பிறகு, பாடம் பெரும்பாலும் வாட்ஸ்ஆப்பிலும் கல்வித் தொலைக்காட்சியிலும்தான் வந்தது. சிறு வகுப்புகளுக்குப் பள்ளி திறந்ததே 2021 நவம்பரில்தான். பிள்ளையின் படிப்பு நின்றுவிடக் கூடாதே என்று காதுத் தோட்டை அடகு வைத்துக் கைபேசி வாங்கிய தாய்மார்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அன்று வாங்கச் சொன்னவர்களும் நாம்தான். மேலும், எங்கள் பகுதியில் பல வீடுகளில் தந்தை வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். தாய் விடிந்ததும் நடவுக்கோ நூறு நாள் வேலைக்கோ போய்விடுகிறார். பிள்ளைகள் தாத்தா பாட்டியின் பொறுப்பில் வளர்கிறார்கள். தந்தையின் முகத்தைப் பார்ப்பதே அந்தக் கைபேசியில்தான் என்னும்போது, அதை எப்படி வேண்டாம் என்பது?

என்னை உறங்கவிடாமல் செய்வது வேறொன்று. அறிமுகமில்லாத ஒருவர் தொடர்ந்து செய்தி அனுப்பித் தொல்லை செய்வதாக மாணவிகள் சிலர் எங்களிடம் வந்து சொல்வதுண்டு. சொல்லி முடித்ததும் அவர்கள் கேட்பது ஒரே ஒரு உதவிதான்: "டீச்சர், வீட்டில் மட்டும் சொல்லிவிடாதீர்கள், படிப்பை நிறுத்திவிடுவார்கள்." முகம் தெரியாதவனைவிடப் பெற்ற தாய் தந்தையரிடம் அதிகம் பயப்படும் நிலையில் பிள்ளைகள் இருக்கும்போது, எந்தச் செயலி, எந்தக் கட்டுப்பாடு அவர்களைக் காப்பாற்றும்? கூட்டத்தில் இதை எப்படி எடுத்துச் சொல்வது என்பதுதான் என் கேள்வி.

குடந்தை வங்கி ஓய்வூதியர்

நல்ல கேள்வி, அம்மா. நான் கும்பகோணம் வட்டாரத்தில் வங்கிப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்த பக்கத்தை மட்டும் எழுதுகிறேன்.

கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் இப்போது நேராக விவசாயியின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அந்தக் கணக்கோடு இணைந்த எண் எந்தக் கைபேசியில் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பேரன் விளையாடும் அதே கைபேசியில்தான் இருக்கும். தாத்தாவுக்கு எழுத்து சிறியதாகத் தெரிவதால், பணம் வந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்பவனும், உரக்கடைக்குப் பணம் அனுப்பிக் கொடுப்பவனும் அவனே. ஆகவே யூபிஐ பின் எண் அவனுக்கு மனப்பாடம். குறுவை முழுவதற்குமான வரவு, எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் கையில் நான்கு அல்லது ஆறு இலக்கங்களுக்குப் பின்னால் இருக்கிறது. அவன் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை. விளையாட்டில் வைரம் வாங்க வேண்டும் என்ற ஆசையோ, "பரிசு விழுந்திருக்கிறது, பின் எண்ணைப் போடு" என்ற ஒரு செய்தியோ போதும்.

இதற்குச் செலவில்லாத வழி உண்டு. பெரிய தொகை வரும் கணக்கோடு இணைந்த சிம் கார்டைப் பட்டன் ஃபோனில் போட்டு வீட்டுப் பெரியவர் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சிம் கைபேசியில் இருந்தால்தான் யூபிஐ செயலியைப் பதிவு செய்ய முடியும் என்பதால், பிள்ளையின் கையில் உள்ள கருவியில் அந்தக் கணக்கைப் புதிதாக யாரும் திறக்க இயலாது. ஏற்கெனவே திறந்திருந்தால் அதை நீக்கிவிட வேண்டும். அன்றாடச் செலவுக்கு யூபிஐ தேவைப்படும் குடும்பங்கள் இன்னொரு சிறு கணக்கைத் தொடங்கி, அதில் ஓரிரு ஆயிரம் மட்டும் வைத்துக்கொள்ளலாம். பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை, அனுப்புவதற்குத்தான் தேவை என்பதைப் பிள்ளைக்கும் தாத்தாவுக்கும் ஒன்றாக உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள்.

பிஎம் கிசான் தவணை என்று சொல்லி வாட்ஸ்ஆப் குழுக்களில் வரும் ஏபிகே கோப்புகளையும் (கைபேசியில் செயலியை நிறுவும் கோப்புகள்) கூட்டத்தில் குறிப்பிடுங்கள். விவசாயக் குடும்பங்களைக் குறிவைத்தே அவை அனுப்பப்படுகின்றன. "இதைத் திறந்து பார்த்துச் சொல்" என்று பெரியவர்கள் நீட்டுவது பிள்ளைகளிடம்தான் என்பதால், திறக்கக் கூடாது என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டியவர்களும் அவர்களே.

பணம் போய்விட்டால், இணைய மோசடிக்கான உதவி எண்ணான 1930ஐ உடனே அழைக்க வேண்டும். வங்கியிலும் அப்போதே தெரிவிக்க வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும். அது வெளியே எடுக்கப்படுவதற்கு முன்னால் தகவல் சேர்ந்தால்தான் நிறுத்தி வைக்க முடியும். வாடிக்கையாளரே இரகசிய எண்ணைச் சொல்லிவிட்டதால் நேர்ந்த இழப்பில், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனது வாடிக்கையாளரின் பொறுப்பு, தெரிவித்த பிறகு போனால் வங்கியின் பொறுப்பு என்பது 2017ஆம் ஆண்டிலிருந்து ரிசர்வ் வங்கியின் நெறிமுறை. அடிக்குப் பயந்து பேரன் இரண்டு நாள் வாய் திறக்காமல் இருந்தால் குடும்பத்துக்கு என்ன நட்டம் என்பதை இதிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆசிரியை எழுப்பிய கேள்வியும் நான் சொல்லும் பணக் கணக்கும் வந்து சேரும் இடம் ஒன்றுதான்.

தோஹாவிலிருந்து ஒரு தந்தை

நான் திருத்துறைப்பூண்டிப் பக்கத்தைச் சேர்ந்தவன். கத்தாரில் கட்டுமானப் பணியில் இருக்கிறேன். மகள் பத்தாம் வகுப்பு, மகன் எட்டாம் வகுப்பு. ஆசிரியை எழுதியதைப் படித்தபோது மனம் கனத்தது என்றாலும், எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. அருகில் இருக்கும் தந்தை பிள்ளையின் முகத்தைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்று அறிவார். எனக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே பிள்ளைகள் யாரோடு பேசுகிறார்கள், எதைப் பார்க்கிறார்கள் என்பதை இங்கிருந்தே முழுவதுமாகப் பார்க்கக்கூடிய செயலி ஒன்றைப் போட்டுவிடுவதே சரி என்று நினைக்கிறேன். அவர்கள் சொல்வார்கள் என்று காத்திருப்பதைவிட நாமே பார்த்துவிடுவது மேல் அல்லவா? அப்படிப்பட்ட செயலி எது என்று விவரம் தெரிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பட்டுக்கோட்டை செல்போன் சர்வீஸ்

தோஹாவில் இருக்கும் அண்ணனின் தவிப்பு எனக்குப் புரிகிறது. எங்கள் கடைக்கு வரும் தாய்மார்களில் பலர் அவரைப் போன்றவர்களின் மனைவியர்தாம். "அவர் வெளிநாட்டிலிருந்து பார்க்கும்படி ஏதாவது போட்டுக் கொடுங்கள்" என்று பிள்ளைக்குத் தெரியாமல் கைபேசியை எடுத்து வருவார்கள். அத்தகைய உளவுச் செயலிகளை நான் போட்டுத் தருவதில்லை, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அவற்றுள் பெரும்பாலானவை பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஏபிகே கோப்பாக வருபவை. திரையில் உள்ள அனைத்தையும் படிக்கும் அனுமதியை அவை கேட்கும். அந்த அனுமதியைக் கொடுத்த பிறகு, உங்கள் மகளின் செய்திகளும் படங்களும் உங்களுக்கு மட்டும்தான் வருகின்றன என்பதற்கு யார் உத்தரவாதம்? மகளைக் காப்பதாக நினைத்து, முகம் தெரியாத ஒரு நிறுவனத்தின் கணினியில் அவளுடைய படங்களைக் கொண்டுபோய் வைப்பதாக அது முடியக்கூடும்.

அதற்கு மாறாக, கூகுள் நிறுவனத்தின் ஃபேமிலி லிங்க் என்ற செயலி இலவசமாகக் கிடைக்கிறது. தோஹாவில் இருக்கும் தந்தையும் அதை இயக்கலாம். பிள்ளை புதிய செயலி ஒன்றை இறக்கும்போது உங்கள் அனுமதியைக் கேட்கும். இரவில் குறித்த நேரத்தில் கைபேசியைப் பூட்டும். எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் செலவாயிற்று என்று காட்டும். ஆனால் வாட்ஸ்ஆப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை அது காட்டாது. பிள்ளைக்குத் தெரிந்தே வைக்கப்படும் கட்டுப்பாடு என்பதுதான் அதில் எனக்குப் பிடித்தது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது மிகவும் பொருத்தம். பத்தாம் வகுப்பு மகளுக்கு இதை மட்டும் நம்ப முடியாது, அண்ணன். ஒரே செயலியை இரண்டாகப் பிரித்து வைக்கும் வசதி பல கைபேசிகளில் கூடவே வருகிறது. கால்குலேட்டர் போலத் தோன்றி உள்ளே படங்களை மறைக்கும் செயலிகள் இருக்கின்றன. எதுவும் இல்லாவிட்டால் தோழியின் கைபேசி இருக்கிறது. பூட்டுப் போட்ட வேகத்தில் திறக்கக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளை நான் அன்றாடம் பார்க்கிறேன்.

கூட்டத்தில் இன்னொன்றையும் சொல்லுங்கள், டீச்சர். கைபேசியைச் சர்வீஸுக்கோ எக்ஸ்சேஞ்சுக்கோ கொடுக்கும்போது பேட்டர்ன் லாக்கையும் தாளில் வரைந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள். டிஸ்ப்ளே மாற்றுவதற்கு உள்ளே நுழைய வேண்டிய தேவையே பெரும்பாலும் இருப்பதில்லை. சரிபார்க்க வேண்டுமானால் கூடவே நின்று திறந்து காட்டிவிட்டு மூடிக்கொள்ளலாம். பழைய கைபேசியை விற்பதற்கு முன்னால் கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, ஃபேக்டரி ரீசெட் செய்து, மெமரி கார்டைக் கழற்றிக்கொள்வது கட்டாயம். குடும்பப் படங்கள் அப்படியே இருக்கும் கைபேசிகள் எங்கள் மேசைக்கு வருகின்றன. எல்லாக் கடையிலும் எல்லாரும் ஒரே மனத்தோடு இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

மாயவரத்துக் கல்லூரி மாணவி

தோஹாவில் இருக்கும் அண்ணனுக்கு மரியாதையோடு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். நான் பள்ளிப் பருவத்தை முடித்து அதிகக் காலம் ஆகவில்லை. உங்கள் மகளின் வயதில் என்ன நடக்கிறது என்பது எனக்கு நினைவில் இருக்கிறது.

தொல்லை ஏற்பட்டதும் ஒரு பெண் வீட்டில் சொல்கிறாள் என்று வையுங்கள். அவளிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "நீ ஏன் அவனோடு பேசினாய்?" என்பதுதான். அடுத்ததாகக் கைபேசி பறிக்கப்படும். மூன்றாவதாக, அண்ணனோ தம்பியோ அவளைக் கண்காணிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்வான். அவன் கைபேசியை யாரும் தொட மாட்டார்கள். நான்காவதாக, பன்னிரண்டாம் வகுப்போடு போதும் என்ற பேச்சும் மாமன் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கும் பேச்சும் தொடங்கும். இவ்வளவும் கண்ணெதிரே அக்காவுக்கோ அடுத்த வீட்டுப் பெண்ணுக்கோ நடந்திருக்கும். பிறகு எந்தப் பெண் வாய் திறப்பாள்? மிரட்டுபவனுக்கும் இது நன்றாகத் தெரியும். "உன் வீட்டில் சொல்லிவிடுவேன்" என்பதுதான் அவன் கையில் இருக்கும் ஒரே ஆயுதம். வீட்டுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டால் அந்த ஆயுதம் அவனிடம் இல்லை.

அந்த மிரட்டல் எப்படி நடக்கிறது என்பதையும் தாய்மார்களுக்கு விளக்க வேண்டும், ஏனென்றால் பலர் தவறு செய்த பெண்களுக்கு மட்டுமே இது நேரும் என்று நம்புகிறார்கள். டிபியில் இருக்கும் ஒரு முகம் போதும். அதை வேறோர் உடலோடு ஒட்டிப் போலிப் படம் தயாரிப்பதற்கு இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இருக்கின்றன. பிறகு, அவளைப் பின்தொடர்பவர்களின் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, "இத்தனை பேருக்கும் இதை அனுப்பட்டுமா?" என்று கேட்பான். சிலர் பணம் கேட்பார்கள், சிலர் இன்னும் படங்கள் கேட்பார்கள். ஒரு முறை கொடுத்தால் மறுமுறையும் கேட்பார்களே தவிர, விட்டுவிட மாட்டார்கள். பையன்களும் இதில் சிக்குகிறார்கள். வீடியோ அழைப்பில் பெண்போல வந்து பேசிப் பதிவு செய்து பணம் பறிப்பது அவர்களுக்கு நடப்பது. ஆண்பிள்ளைக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று வீட்டில் யாரும் விசாரிப்பதே இல்லை என்பதால் அவர்கள் இன்னும் தனியாகத் தவிக்கிறார்கள்.

இன்ஸ்டாகிராம் 2025 பிப்ரவரியில் பதின்வயதினருக்கான தனிக் கணக்கு முறையை இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. அதில் கணக்கு தானாகவே பூட்டிய நிலையில் இருக்கும். அறிமுகமில்லாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது. 16 வயதுக்குக் கீழானவர்கள் இவற்றைத் தளர்த்தப் பெற்றோரின் அனுமதி தேவை. ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பலர் கணக்குத் தொடங்கும்போதே பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டு 18 வயதைக் கடந்தவர்களாகிவிடுகிறார்கள். அத்துடன் அந்தப் பாதுகாப்பு அவ்வளவும் போய்விடுகிறது. கணக்கே வேண்டாம் என்று கத்துவதைவிட, கணக்கில் உண்மையான பிறந்த தேதி இருக்கிறதா என்று கூட உட்கார்ந்து பார்ப்பது பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி. பள்ளிச் சீருடையோடு எடுத்த படம், தினமும் போகும் டியூஷனின் இருப்பிடம், பேருந்து ஏறும் நேரம் ஆகியவை வெளியே தெரிய வேண்டியதில்லை என்பதையும் அப்போதே பேசிவிடலாம்.

தஞ்சை வழக்கறிஞர்

ஆசிரியை அவர்களுக்கு, முதலில் உங்கள் பொறுப்பைப் பற்றி. 18 வயதுக்குக் கீழான ஒரு குழந்தையை மின்னணு வழியாகத் தொடர்ந்து பின்தொடர்வதும் தொடர்புகொள்வதும், உண்மையான அல்லது புனையப்பட்ட படத்தை வெளியிடுவதாக மிரட்டுவதும், பாலியல் நோக்கத்தோடு செய்யப்பட்டால் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 11ஆவது பிரிவில் வரும் குற்றங்கள். இதற்கு 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. இத்தகைய குற்றம் நடந்தது தெரிந்தவர் எவராயினும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 19ஆவது பிரிவு சொல்கிறது. தெரிவிக்காமல் விடுவதும் தண்டனைக்குரியது. ஆகவே "வீட்டில் சொல்லாதீர்கள்" என்று மாணவி கேட்கும்போது, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று நீங்கள் வாக்குக் கொடுக்க இயலாது. "உன்னைத் தனியே விட மாட்டேன், உன் வீட்டாரிடம் நானே வந்து பேசுகிறேன்" என்ற வாக்கை நீங்கள் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும்.

பெற்றோர் காவல் நிலையம் என்றதுமே பின்வாங்குவதற்குக் காரணம், பெண்ணைக் கூட்டிக்கொண்டு நிலையத்தில் போய் உட்கார வேண்டும், ஊர் பார்க்கும் என்ற அச்சமே. சட்டம் அதை எண்ணிப் பார்த்தே எழுதப்பட்டிருக்கிறது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். கூடியவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி அதைச் செய்ய வேண்டும். அவர் சீருடையில் வரக் கூடாது. எக்காரணத்துக்காகவும் இரவில் குழந்தையை நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. இவை 24ஆவது பிரிவில் உள்ளவை. குழந்தையின் பெயரையோ, முகவரியையோ, பள்ளியையோ ஊடகங்கள் வெளியிட 23ஆவது பிரிவு தடை விதிக்கிறது. கூட்டத்தில் வேறு எந்தச் சட்டத்தையும் சொல்ல நேரமில்லாவிட்டாலும் இவ்விரண்டையும் மெதுவாகவும் இருமுறையும் சொல்லுங்கள். தெரிந்தால் துணிவு வரும்.

அடுத்தது சான்று. பதற்றத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடுவதுதான் குடும்பங்கள் வழக்கமாகச் செய்வது. அழிக்கக் கூடாது. மிரட்டிய உரையாடல், அந்தக் கணக்கின் பெயர், அதன் இணைப்பு, தொலைபேசி எண், பணம் கேட்டிருந்தால் யூபிஐ முகவரி, நேரம் ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே அந்தக் கணக்கைப் புகார் செய்து முடக்க வேண்டும். ஆனால் குழந்தையின் ஆபாசமான படத்தை, சான்று என்ற பெயரில்கூட, மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவைக்காதீர்கள். அத்தகைய படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி குற்றம். அதை வைத்திருப்பதும் எந்தச் சூழலில் குற்றமாகும் என்பதை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கடுமையாகவே விளக்கியிருக்கிறது. அந்தப் படத்தை எவருக்கும் அனுப்பாமல், அது வந்த கைபேசியை அப்படியே மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோவதே முறை.

தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்குத் தனிப் பகுதி உண்டு. பெயரைச் சொல்லாமலும் அங்கே தகவல் தரலாம். 1098 குழந்தைகளுக்கான உதவி எண். பிள்ளையே நேரடியாக அழைக்கலாம். படம் பரவிவிடுமோ என்ற அச்சம் இருந்தால், டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவை அமெரிக்காவிலிருந்து இயங்குகிறது. படம் கைபேசியை விட்டு வெளியே போகாமலேயே, அதற்கான இலக்க அடையாளம் ஒன்று மட்டும் உருவாக்கப்பட்டு, பங்கேற்கும் தளங்களுக்கு அனுப்பப்படும். அந்தப் படம் அங்கே பதிவேறினால் அவை கண்டறிந்து நீக்கும். வாட்ஸ்ஆப் போன்ற மறையாக்கம் செய்யப்பட்ட செய்திகளில் இது பலிக்காது என்பதையும் அறிந்திருங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. நம் பிள்ளை பாதிக்கப்பட்டவராக மட்டும்தான் இருப்பார் என்று எண்ணிவிட வேண்டாம். வகுப்புத் தோழியின் படத்தை மாற்றிக் குழுவில் போட்ட பையன், சாதிப் பெருமை பேசும் பாட்டோடு அரிவாள் படத்தை ஸ்டேட்டஸாக வைத்துப் பக்கத்துத் தெருப் பிள்ளைகளைச் சீண்டிய பையன் ஆகியோரின் பெற்றோரும் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறார்கள். "விளையாட்டாகச் செய்துவிட்டான்" என்பதே அவர்கள் அனைவரும் சொல்வது. சிறார் நீதிச் சட்டம் அவனைத் திருத்தும் நோக்கத்தோடு அணுகும் என்பது உண்மைதான். ஆனால் அவமானப்பட்ட பிள்ளை மறுநாள் அதே வகுப்பறைக்குத்தான் போக வேண்டும். தெருவில் நின்று எதைச் சொல்லக் கூடாது என்று நம் பையனுக்குக் கற்றுக்கொடுக்கிறோமோ, அதை ஸ்டேட்டஸிலும் வைக்கக் கூடாது என்று கூட்டத்தில் தந்தைமார் காதில் விழும்படி சொல்லுங்கள். பல வீடுகளில் பையன் அதைக் கற்றுக்கொள்வதே தந்தையின் ஸ்டேட்டஸிலிருந்துதான்.

திருவையாற்றுப் பாட்டி

வழக்கறிஞர் தம்பி கடைசியில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நானும் எழுதுகிறேன். பேரப்பிள்ளைகளோடு இருக்கிறேன்; கைபேசியில் படிக்கவும் எழுதவும் அவர்கள்தாம் பழக்கினார்கள்.

மஞ்சள் நீராட்டு விழா நடத்துகிறோம். பெண்ணின் முழுப் படம், பெயர், தகப்பன் பெயர், ஊர், தெரு, விழாத் தேதி எல்லாம் போட்டு நாற்சந்தியில் பிளக்ஸ் வைக்கிறோம். அதையே படமெடுத்து இருபது குழுக்களுக்கு அனுப்புகிறோம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை அது. அவளிடம் யாராவது கேட்டோமா? பிறகு அவள் இன்ஸ்டாகிராமில் தன் படத்தைப் போட்டால் மானம் போகிறது என்கிறோம். தன் படம் தனக்குரியது, தன்னைக் கேட்காமல் யாரும் அதை வெளியிடக் கூடாது என்பது அவள் முதலில் அறிய வேண்டிய பாடம் என்றால், அதை மீறுகிறவர்கள் வீட்டுப் பெரியவர்களாகவே இருக்கலாமா? அழைப்பிதழ் அடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெண்ணின் படமில்லாமல் அடித்தாலும் சொந்தபந்தம் வரத்தான் செய்யும். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம். பந்தலில் கூட்டம் குறையவில்லை.

வந்த செய்தியைப் பார்க்காமல் தள்ளிவிடுவதும் பெரியவர்களின் வழக்கமே. 2018இல் பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று வாட்ஸ்ஆப்பில் பரவிய பொய்யை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். அவர் குலதெய்வம் கும்பிட வந்தவர். அந்தச் செய்தியை முன்னால் அனுப்பிய ஒவ்வொருவரும் நல்லது செய்வதாக எண்ணித்தான் அனுப்பியிருப்பார்கள். இப்போது நம் வயல்களில் நடவுக்கு வட மாநிலத்திலிருந்து பிள்ளைகள் வந்து வேலை செய்கிறார்கள். அவர்களைப் பற்றி ஏதாவதொரு காணொளி வந்தால், அது எந்த ஊர், என்றைக்கு எடுத்தது என்று தெரியாமல் அனுப்பலாமா? கொள்ளிடத்தில் தண்ணீர் கரை புரளும் நாளில் "அணை உடைந்துவிட்டது" என்று ஒரு குரல் பதிவு வந்துவிடுகிறது. என் பேரன் இப்போது என்னிடம், "பாட்டி, ஆட்சியர் அலுவலகம் சொல்லியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்" என்கிறான். 1077 என்ற எண்ணில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையைக் கேட்கலாம் என்பதும் அவன் சொல்லித் தெரிந்ததுதான். பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுப்பது மட்டும் போதாது, அவர்கள் சொன்னால் நாமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தோஹாவிலிருந்து ஒரு தந்தை

எல்லாவற்றையும் படித்தேன். உளவுச் செயலி எண்ணத்தை விட்டுவிடுகிறேன். மகனுக்கு ஃபேமிலி லிங்க் போட மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். பட்டுக்கோட்டைத் தம்பிக்கு நன்றி.

ஆனால் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. எனக்கு வேலை முடிந்து, அறைக்கு வந்து, குளித்து, சமைத்து உட்காரும்போது இங்கே இரவு எட்டு மணி, ஊரில் பத்தரை. அதற்கு முன்னால் அழைக்க முடியாது. பிள்ளைகள் எனக்காகவே விழித்திருக்கிறார்கள். பேசி முடித்த பிறகு கைபேசி மகன் தலைமாட்டிலேயே தங்கிவிடுகிறது. பன்னிரண்டு மணி வரை ஃப்ரீ ஃபயர் விளையாடுகிறான் என்று மனைவி வருந்துகிறாள். அதில் முன்பின் தெரியாதவர்களோடு குரலில் பேசிக்கொண்டே விளையாடுகிறானாம். பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளைத்தான் 2025இல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்ததே, இது அதில் வராதா?

குடந்தை வங்கி ஓய்வூதியர்

வராது, தம்பி. பணத்தைக் கட்டிப் பணத்தை வெல்லும் நோக்கத்தோடு ஆடும் விளையாட்டுகளைத்தான் அந்தச் சட்டம் தடை செய்கிறது. விளையாட்டுக்குள் உடையும் ஆயுதமும் வாங்குவது அதில் சேராது. பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிட்டு, அந்தக் கடவுச்சொல்லை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். குரல் உரையாடலை விளையாட்டின் அமைப்புக்குள் போய் அணைக்கலாம்.

மாயவரத்துக் கல்லூரி மாணவி

அண்ணா, கைபேசி இரவில் எங்கே உறங்க வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யலாம். அழைப்பின் கடைசி நிமிடத்தில், அம்மா இருக்கும் அறையில் சார்ஜில் போடச் சொல்லி, போட்டதைப் பார்த்துவிட்டு அழைப்பைத் துண்டியுங்கள். அம்மாவின் கைபேசியும் அங்கேதான் இருக்க வேண்டும்.

அதைவிட முக்கியமான வேலை ஒன்று உங்களிடம் இருக்கிறது. உங்கள் மகள் அம்மாவிடம் ஒன்றைச் சொன்னால், அம்மா முதலில் அஞ்சுவது உங்களுக்குத்தான். "அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்" என்றுதான் எங்கள் வீடுகளில் எல்லாமே மறைக்கப்படுகின்றன. ஆகவே "என்ன நடந்திருந்தாலும் சொல்லுங்கள், சொன்னதற்காகக் கைபேசியைப் பறிக்க மாட்டேன், படிப்பை நிறுத்த மாட்டேன்" என்பதை நீங்கள், உங்கள் குரலில், மகளும் மகனும் மனைவியும் ஒன்றாக இருக்கும்போது சொல்லுங்கள். எதுவும் நடக்காத ஒரு சாதாரண நாளில் சொல்ல வேண்டும். நடந்த பிறகு சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

தோஹாவிலிருந்து ஒரு தந்தை

நேற்றிரவு சொன்னேன், தங்கச்சி. மகன் உடனே, "விளையாட்டில் தோற்றாலும் திட்ட மாட்டீர்களா?" என்று கேட்டான். மகள் ஒன்றும் பேசவில்லை. ஆனால் நான் சொன்னதைக் குரல் பதிவாகவும் அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அனுப்பியிருக்கிறேன்.

மன்னைப் பக்கத்து ஆசிரியை

உங்கள் ஒவ்வொருவரின் பதிலையும் அச்செடுத்துத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டேன். கூட்டத்தை எப்படி நடத்துவது என்பதில் இப்போது ஒரு தெளிவு வந்திருக்கிறது. முதலில் பேசப்போவது கைபேசியைப் பற்றியல்ல. பிள்ளை வந்து சொன்னால் பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி எது, கேட்கக் கூடாத கேள்வி எது என்பதைத் தாய்மார்களையே இருவர் இருவராக எழுந்து பேசிக் காட்டச் சொல்லப்போகிறோம். ஊரில் தெருக்கூத்துப் பார்த்துப் பழகியவர்கள், தயங்க மாட்டார்கள். அதன் பிறகு காவல் துறை வாக்குமூலம் எடுக்கும் முறையைச் சொல்வேன். பணக் கணக்கும் சிம் கார்டு யோசனையும் தாத்தாக்களுக்கு. மஞ்சள் நீராட்டு விழா பிளக்ஸ் பற்றி நான் சொன்னால் ஊரில் மனத்தாங்கல் வரலாம் என்பதால், பாட்டி எழுதியதைப் பாட்டி எழுதியதாகவே வாசித்துவிடுகிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் தந்தையர் கூட்டத்துக்கு வர இயலாது. தோஹாவில் இருப்பவர் செய்ததைப்போல அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு குரல் பதிவு அனுப்பும்படி வகுப்புக் குழுக்கள் வழியாகக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். ஒரு சிக்கல் மட்டும் மீதியிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களுக்குக் கைபேசியின் அமைப்புகளை நான் வாயால் விளக்கிப் பயனில்லை. அவரவர் கைபேசியில் கையோடு செய்து காட்ட ஆள் வேண்டும்.

பட்டுக்கோட்டை செல்போன் சர்வீஸ்

நான் வருகிறேன், டீச்சர். கடையில் இருக்கும் இரண்டு பையன்களையும் அழைத்து வருகிறேன். நடவு முடிந்து தாய்மார்கள் வீடு திரும்பும் நேரமாகப் பார்த்து மூன்று மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் கைபேசியில் சார்ஜ் போட்டு, கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைத் தெரிந்துகொண்டு வரச் சொல்லிவிடுங்கள். பலருக்கு அதைப் போட்டுக் கொடுத்தது யார் என்றே நினைவிருக்காது, அதைக் கண்டுபிடிப்பதிலேயே பாதி நேரம் போய்விடும். பெண்பிள்ளைகளின் கைபேசியை நாங்கள் கையில் வாங்க மாட்டோம். நாங்கள் சொல்லச் சொல்ல அவர்களே செய்யட்டும். பக்கத்தில் அவர்களுடைய அம்மா இருந்தால் போதும்.

தஞ்சை வழக்கறிஞர்

1930, 1098 ஆகிய இரண்டு எண்களையும் அன்றே ஒவ்வொரு கைபேசியிலும் பெயரோடு சேமித்துவிடுங்கள். பட்டன் ஃபோனிலும் சேமிக்க வேண்டும். நாள் குறித்ததும் இங்கே தெரிவியுங்கள். நீதிமன்ற வேலை இல்லாத நாளாக இருந்தால் நானும் வந்து, போக்சோ பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.